இண்டெக்ஸ் ரீபேலன்சிங் வந்தா ஐடி, டெக் பங்கு விலை ஏன் ஆடுது? சேலத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலத்துல தெருவுக்கு நாலு வீட்லயாவது யாராச்சும் ஒருத்தர் பெங்களூர்ல ஐடி வேலைல இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி புது பஸ் ஸ்டாண்ட்ல பெங்களூர் பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்தைப் பாத்தாலே தெரியும். அவங்க கைல கம்பெனி குடுத்த பங்கு இருக்கு, அவங்க சொல்லி வீட்ல அப்பா அம்மாவும் இன்ஃபோசிஸ், விப்ரோன்னு கொஞ்சம் வாங்கி வச்சிருக்காங்க. மார்ச், செப்டம்பர் நெருங்கினா போதும், "இந்த பங்கை நிஃப்டில சேக்கப் போறாங்களாம், அதைத் தூக்கப் போறாங்களாம்"னு வாட்ஸ்அப்ல மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிடும், உடனே வாங்கலாமா விக்கலாமான்னு கேள்வி. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் எழுதிடறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: இண்டெக்ஸ் மாத்தத்தால நடக்குற வாங்கல் விக்கல் கம்பெனி நல்லா இருக்கா இல்லையான்னு எதுவும் சொல்லாது, அதை நம்பி உழைச்ச காசைப் போடாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

ரீபேலன்சிங்னா என்னங்க? யார் பண்றாங்க?

நிஃப்டி 50-ங்கிற இண்டெக்ஸ் 50 பெரிய கம்பெனிகளோட பட்டியல், அதைப் பராமரிக்கிறது என்எஸ்இ இண்டைசஸ்ங்கிற நிறுவனம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பட்டியலை திருப்பிப் பாத்து சரி பண்ணுவாங்க, அதுதான் ரீபேலன்சிங். ஜனவரி 31, ஜூலை 31 வரைக்கும் உள்ள ஆறு மாச கணக்கை எடுத்து, நாலு வாரம் முன்னாடியே அறிவிச்சு, மார்ச் கடைசிலயும் செப்டம்பர் கடைசிலயும் அமலுக்கு கொண்டு வருவாங்க. புதுசா உள்ள வர்ற கம்பெனி எஃப் அண்ட் ஓ-ல, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம் நடக்குற பங்குகள்ல, இருக்கணும், பட்டியல்ல இருக்குறதுலயே சின்ன கம்பெனியை விட அதோட ஃப்ரீ ஃப்ளோட் மதிப்பு (சந்தைல வெளிய சுத்துற பங்கோட மதிப்பு) ஒன்றரை மடங்காவது இருக்கணும், பெரிய தொகைக்கு வாங்கினாலும் விலை ரொம்ப நகராத அளவுக்கு வியாபாரம் நடக்கணும், இப்படி எழுதி வச்ச விதி. யாரோ ரூம்ல உக்காந்து பிடிச்ச கம்பெனியை சேக்குறது இல்லை, அதனாலதான் யார் உள்ள வருவாங்கன்னு ப்ரோக்கரேஜ் ஆளுங்க மாசக்கணக்கா முன்னாடியே கணக்கு போட்டு சொல்லிடறாங்க. மும்பை பங்குச் சந்தையோட 30 கம்பெனி இண்டெக்ஸான சென்செக்ஸுக்கு இந்த வேலை ஜூன்லயும் டிசம்பர்லயும் நடக்கும்.

இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு ஆளை மாத்துறது, ஒரு கம்பெனி வெளிய, ஒரு கம்பெனி உள்ள. இன்னொண்ணு, ஆள் மாறாமலே எடையை, அதாவது இண்டெக்ஸ்ல ஒரு பங்குக்கு எத்தனை சதவீதம் இடம்ங்கிற வெயிட்டேஜை, சரி பண்றது. நியூஸ்ல முதல் விஷயம்தான் வரும், ஆனா டெக் பங்குகளை அதிகமா ஆட்டுறது பல சமயம் ரெண்டாவது.

பட்டியல் மாறினா மாறிட்டுப் போகட்டும், விலை ஏன் ஆடணும்?

ஏன்னா அந்தப் பட்டியலை அப்படியே காப்பி அடிக்கிற பணம் ஏகப்பட்டது இருக்கு. இண்டெக்ஸ் ஃபண்ட், இடிஎஃப் (சந்தைல பங்கு மாதிரியே வாங்கி விக்கிற ஃபண்டு) எல்லாம் அதுதான். மில்லுல வேலை பாக்குறவங்க சம்பளத்துல பிடிக்கிற பிஎஃப்ல கூட ஒரு பகுதி 2015 ஆகஸ்ட்ல இருந்து நிஃப்டி, சென்செக்ஸ் இடிஎஃப்ல போகுது, அவங்களுக்கே தெரியாம அவங்களும் இதுல இருக்காங்க. இந்த ஃபண்ட் மேனேஜர்களுக்கு "இந்த விலைக்கு வேண்டாம், அப்புறம் வாங்கிக்கலாம்"னு சொல்ற சுதந்திரம் கிடையாது. பட்டியல்ல சேந்தா வாங்கியே ஆகணும், போச்சுன்னா வித்தே ஆகணும், அதுவும் அந்த குறிப்பிட்ட நாள்ல.

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியை நினைச்சுப் பாருங்க, பொங்கலுக்கு முன்னாடி இன்ன தேதிக்கு இத்தனை லோடு என்ன விலையானாலும் எடுத்தே தீரணும்னு ஒரு பெரிய வியாபாரி இருக்கார், அந்த தேதி மண்டில எல்லாருக்கும் தெரியும்னா என்ன நடக்கும், நாலு வாரம் முன்னாடியே மத்தவங்க வாங்கி வச்சுக்கிட்டு அவர் வர்ற அன்னைக்கு அவர்கிட்டயே விப்பாங்க. பங்குச் சந்தைலயும் அதேதான் நடக்குது. வெல்லத்தோட இனிப்பு ஒரு துளி கூட மாறல, விலை மட்டும் ஏறி இறங்குது.

எவ்வளவு ஆடும்ங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கணக்குக்காக வச்சுக்கோங்க, ஒரு இண்டெக்ஸை காப்பி அடிக்கிற பணம் மொத்தம் 4 லட்சம் கோடி, புதுசா வர்ற பங்கோட எடை 0.8 சதவீதம்னா 3,200 கோடிக்கு வாங்கணும். அந்தப் பங்குல தினமும் 800 கோடிக்கு வியாபாரம் நடக்குதுன்னா நாலு நாள் வியாபாரத்தை ஒரே நாள்ல திணிக்கிற மாதிரி, அப்போ விலை நகரும். அதே பங்குல தினமும் 4,000 கோடி நடக்குதுன்னா பெருசா தெரியவே தெரியாது. இந்த 'எத்தனை நாள் வாங்கல்'ங்கிற ஒரு நம்பரைப் பாக்காம எத்தனை கோடி வரப்போகுதுன்னு மட்டும் சொல்ற மெசேஜை நம்பாதீங்க.

விலை ஏறினா எடையும் ஏறுதே, அப்போ ஃபண்டுகள் தினமும் வாங்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். ஃபண்டு கைல இருக்குற பங்கும் கூடவே ஏறிடும்ல, எடை தானா சரியா வந்துடும். ஆள் மாறும்போது, பங்கு எண்ணிக்கை மாறும்போது, இல்ல ஒரே பங்குக்கு இதுக்கு மேல எடை கூடாதுங்கிற உச்சவரம்பு குறுக்க வரும்போதுதான் வாங்க விக்க வேண்டி வரும்.

டிசிஎஸ் தானே பெரிய கம்பெனி, அப்புறம் ஏன் இன்ஃபோசிஸுக்கு எடை அதிகம்?

இது நல்ல கேள்வி. இங்க பாக்குறது கம்பெனியோட மொத்த மதிப்பை இல்ல, சந்தைல வெளிய சுத்துற பங்கோட மதிப்பை, அதுக்குப் பேர்தான் ஃப்ரீ ஃப்ளோட். டிசிஎஸ்ல கிட்டத்தட்ட 72 சதவீதம் டாடா சன்ஸ் கைல இருக்கு, மிச்சம் 28 சதவீதம்தான் கணக்குல வரும். இன்ஃபோசிஸ்ல ப்ரமோட்டர்கள், அதாவது கம்பெனியை ஆரம்பிச்சவங்களும் அவங்க குடும்பமும், கைல வச்சிருக்குறது 15 சதவீதம் மாதிரிதான். அதனால மொத்த மதிப்புல டிசிஎஸ் முன்னாடி நின்னாலும் நிஃப்டிலயும், ஐடி கம்பெனிகள் மட்டும் உள்ள நிஃப்டி ஐடி இண்டெக்ஸ்லயும் இன்ஃபோசிஸ் எடைதான் அதிகம். சென்செக்ஸ் 2003-லயும் நிஃப்டி 2009-லயும் இந்த முறைக்கு மாறுச்சு. ப்ரமோட்டர் கொஞ்சம் பங்கை வித்தா லாபம் நஷ்டம் எதுவும் மாறாமலே இண்டெக்ஸ் எடை ஏறும், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

டெக் பங்குகளுக்கு மட்டும் இதுல என்ன தனி விசேஷம்?

டெக் கம்பெனிகள் வளர்ற வேகம்தான். ஒரு சில கம்பெனிகளே இண்டெக்ஸ்ல பெரும் பகுதியைப் பிடிக்கிற அளவுக்கு வேகமா பெருசாகறது டெக்ல அடிக்கடி நடக்குது. அப்படி ஆகும்போது "ஒரே கம்பெனில இவ்வளவு கூடாது"ங்கிற உச்சவரம்பு வந்து மோதும், உடனே ஃபண்டுகள் நல்லா போயிட்டிருக்குற பங்கை கட்டாயமா விக்க வேண்டி வரும்.

அமெரிக்கால டெக் கம்பெனிகள் அதிகம் உள்ள நாஸ்டாக் 100 இண்டெக்ஸ்ல இது கண் முன்னாடி நடந்துச்சு. 2011 மே மாசம் ஆப்பிள் மட்டுமே 20 சதவீதத்தைத் தாண்டி நின்னுச்சு, ஸ்பெஷல் ரீபேலன்ஸ் பண்ணி 12 சதவீதம் கிட்ட இறக்கினாங்க. மறுபடி 2023-ல மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், என்விடியா மாதிரி ஆறேழு கம்பெனிகளே பாதி இண்டெக்ஸ் ஆகிடுச்சு, 4.5 சதவீதத்துக்கு மேல எடை உள்ள கம்பெனிகளைக் கூட்டினா 48 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி, அதனால ஜூலை 24 அன்னைக்கு வழக்கமான தேதிக்கு காத்திருக்காம எடையைக் குறைச்சாங்க.

இன்னும் தெளிவான உதாரணம் 2024 ஜூன். அமெரிக்க டெக்னாலஜி துறைக்குன்னே ஸ்டேட் ஸ்ட்ரீட் நடத்துற ஒரு பெரிய இடிஎஃப் இருக்கு, கிட்டத்தட்ட 70 பில்லியன் டாலர் பணம். அதோட விதிப்படி பெரிய கம்பெனிகள் எல்லாம் சேந்து பாதியைத் தாண்டினா அந்த பெரிய கம்பெனிகள்லயே கடைசில இருக்குறதோட எடையை 4.5 சதவீதத்துக்கு வெட்டிடுவாங்க. என்விடியா ஆப்பிளை முந்தி மேல வந்துடுச்சு, அவ்வளவுதான், அதுவரைக்கும் 6 சதவீதம் மாதிரி இருந்த என்விடியா 20-க்கு மேல போச்சு, 20-க்கு மேல இருந்த ஆப்பிள் 4.5-க்கு வந்துச்சு. ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், ஆனா சுமார் 10 பில்லியன் டாலருக்கு என்விடியா வாங்கணும், அதே அளவுக்கு ஆப்பிள் விக்கணும்ங்கிற நிலைமை. இந்த விதி சரியில்லன்னு உணர்ந்து அந்த வருஷம் செப்டம்பருக்குள்ள விதியையே மாத்தினாங்க.

இதுல எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் வேற. இவ்வளவு பெரிய வாங்கல் வரப்போகுதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா அந்த ஜூன் 20, 21, 24 மூணு வியாபார நாள்லயும் என்விடியா இறங்குச்சு, மொத்தமா 12 சதவீதத்துக்கு மேல. தெரிஞ்ச வாங்கலுக்கு முன்னாடியே விலை ஏறி முடிச்சிடும், வாங்கற அன்னைக்கு விக்கிறதுக்கு ஆள் தயாரா நிப்பாங்க.

நம்ம நாட்டுல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2019 ஜனவரில போட்ட விதிப்படி, துறை சார்ந்த இண்டெக்ஸை வச்சு ஃபண்டு நடத்தணும்னா அதுல குறைஞ்சது 10 பங்கு இருக்கணும், ஒரே பங்கு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முதல் மூணு சேந்து 65-ஐத் தாண்டக் கூடாது. அதனால நிஃப்டி ஐடில ரீபேலன்ஸ் சமயத்துல ஒரு பங்குக்கு 33, முதல் மூணுக்கு 62-ன்னு கொஞ்சம் கீழயே வச்சு வெட்டிடறாங்க. இன்ஃபோசிஸ் மத்ததை விட வேகமா ஏறினா இந்த ஐடி இண்டெக்ஸ் ஃபண்டுகள் அதுல கொஞ்சம் வித்து சின்ன கம்பெனிகளை வாங்க வேண்டி வரலாம். அந்த விக்கலைப் பாத்து "இன்ஃபோசிஸ்ல ஏதோ பிரச்சனை"ன்னு பயப்பட வேண்டாம்.

டெஸ்லா எஸ் அண்ட் பி 500-ல சேந்தப்போ எங்கயோ போச்சே, அந்த மாதிரி இங்கயும் ஏறாதா?

எஸ் அண்ட் பி 500-ங்கிறது அமெரிக்காவோட பெரிய கம்பெனிகள் 500 உள்ள இண்டெக்ஸ். அதுல டெஸ்லாவை சேக்கறதா 2020 நவம்பர் 16 அறிவிச்சாங்க, டிசம்பர் 21 உள்ள வந்துச்சு, நடுவுல கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறுச்சு, உண்மைதான். சேர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரே நாள்ல 20 கோடி பங்குக்கு மேல கை மாறுச்சு. ஆனா இண்டெக்ஸ்ல முதல் நாள் 6 சதவீதத்துக்கு மேல இறங்குச்சு, இதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. அதுக்கும் முன்னாடி 1999-ல யாஹூ, அறிவிப்பு வந்ததுல இருந்து சேர்ற நாள் வரைக்கும் ஒரு வாரத்துல 60 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, அதுக்கப்புறம் இன்டர்நெட் கம்பெனி பங்குகள் எல்லாம் விழுந்த டாட்காம் சரிவுல அதுவும் பலமா விழுந்துச்சு.

இதெல்லாம் தனித்தனி கதை. மொத்தமா கணக்கு எடுத்துப் பாத்தா படம் வேற. ஹார்வர்டுல ராபின் கிரீன்வுட், மார்கோ சாமன்னு ரெண்டு பேர் பண்ணின ஆய்வுல, எஸ் அண்ட் பி 500-ல சேர்ற பங்குக்கு 1990-கள்ல சராசரியா 7 சதவீதத்துக்கு மேல கூடுதல் ஏற்றம் கிடைச்சுது, 2010-க்கு அப்புறம் அது 1 சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சுன்னு காட்டியிருக்காங்க. இண்டெக்ஸ் பணம் முன்ன விட பல மடங்கு பெருசாகியும் ஏற்றம் குறைஞ்சிருக்கு. காரணம் எளிது, எல்லாரும் முன்னாடியே கணிக்கிறாங்க, முன்னாடியே வாங்கி வைக்கிறாங்க. அதோட புதுசா வர்ற கம்பெனி பாதி நேரம் இதுக்கு அடுத்த கட்ட இண்டெக்ஸ்ல இருந்துதான் மேல வருது, மேல உள்ள ஃபண்டு வாங்கும்போது கீழ உள்ள ஃபண்டு வித்துட்டிருக்கும்.

சொமேட்டோ அப்படித்தான். 2025 மார்ச் 28 அன்னைக்கு ஜியோ ஃபைனான்ஷியலோட சேந்து நிஃப்டி 50-க்குள்ள வந்துச்சு, பிபிசிஎல், பிரிட்டானியா வெளிய போச்சு. சொமேட்டோ அதுக்கு முன்னாடி, நிஃப்டி 50-க்கு அடுத்த 50 கம்பெனிகள் உள்ள நிஃப்டி நெக்ஸ்ட் 50-ல இருந்த பங்கு, அதனால அந்த ஃபண்டுகள் வித்துச்சு. பிப்ரவரில அறிவிப்பு வந்ததுல இருந்து சேர்ற வரைக்கும் விலை ஏறல, இறங்கத்தான் செஞ்சுது, நிமிஷக் கணக்குல வீட்டுக்கு சாமான் கொண்டு தர்ற க்விக் காமர்ஸ்ல கம்பெனி கொட்டிட்டிருந்த செலவைப் பாத்து சந்தை வேற கவலைல இருந்துச்சு. சூப்பர் மைக்ரோ கம்ப்யூட்டர் இன்னும் மோசம், 2024 மார்ச்ல எஸ் அண்ட் பி-ல சேக்குறோம்னு சொன்னதும் அடுத்த வியாபார நாள்ல 18 சதவீதம் போல ஏறுச்சு, அந்த வருஷம் அக்டோபர் கடைசில ஆடிட்டர் விலகினார், நவம்பருக்குள்ள உச்சத்துல இருந்து 80 சதவீதத்துக்கு மேல விழுந்துடுச்சு. இண்டெக்ஸ்ல சேந்தது அந்த வீழ்ச்சியைத் தடுக்கல.

நிஃப்டில இருந்து தூக்கிட்டா அந்தக் கம்பெனி அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. எல்டிஐ மைண்ட்ட்ரீ 2023 ஜூலைல எச்டிஎஃப்சி இணைப்பால காலியான இடத்துல நிஃப்டி 50-க்குள்ள வந்துச்சு, 2024 செப்டம்பர் கடைசில டிவிஸ் லேபோட சேந்து வெளிய போயிடுச்சு, அந்த ரெண்டு இடத்துக்கு ட்ரென்ட், பிஇஎல் வந்துச்சு. கம்பெனி அப்படியேதான் இருந்துச்சு, வேலை பாக்குறவங்க சம்பளம் வாங்கிட்டுத்தான் இருந்தாங்க. விப்ரோ 2024 ஜூன்ல சென்செக்ஸ்ல இருந்து போச்சு, அதானி போர்ட்ஸ் வந்துச்சு, ஆனா விப்ரோ நிஃப்டில தொடர்ந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவோட பழைய இண்டெக்ஸான டவ் ஜோன்ஸ். 2020 ஆகஸ்ட் 31 அன்னைக்கு எக்ஸான் மொபில்ங்கிற எண்ணெய்க் கம்பெனியை வெளிய அனுப்பிட்டு சேல்ஸ்ஃபோர்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியை உள்ள கொண்டு வந்தாங்க. காரணம் என்ன தெரியுமா, டவ் ஜோன்ஸ்ல பங்கோட விலையை வச்சுத்தான் எடை, ஆப்பிள் ஒரு பங்கை நாலா பிரிச்சதும் அதோட எடை சரிஞ்சு மொத்த டெக் பங்களிப்பே குறைஞ்சு போச்சு, அதை ஈடு கட்ட ஆளை மாத்தினாங்க. எண்ணெய் முடிஞ்சுது இனி சாஃப்ட்வேர்தான்னு அப்போ எல்லாரும் பேசினாங்க. 40 டாலர் கிட்ட இருந்த எக்ஸான் 2022-ல 100-ஐத் தாண்டுச்சு, 270 டாலர் கிட்ட இருந்த சேல்ஸ்ஃபோர்ஸ் அந்த வருஷக் கடைசில கிட்டத்தட்ட பாதியா நின்னுச்சு. பட்டியல்ல சேக்குறது பெரும்பாலும் நல்லா ஏறி முடிச்சதுக்கு அப்புறம், தூக்குறது நல்லா அடி வாங்கினதுக்கு அப்புறம், இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா பாதி அவசரம் குறையும்.

எம்எஸ்சிஐன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேறயா?

வேற. வெளிநாட்டு ஃபண்டுகள் பின்பற்றுற இண்டெக்ஸ், பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்ல மாத்துவாங்க. அதுல வெளிநாட்டுக்காரங்க இன்னும் எவ்வளவு வாங்க இடம் இருக்குன்னு பாப்பாங்க. சொமேட்டோ, அதாவது இப்போ எடர்னல், 2025 மே மாசம் வெளிநாட்டுப் பங்கை 49.5 சதவீதத்துக்குள்ள வச்சுக்கறோம்னு முடிவு பண்ணினதும் அந்த இடம் சுருங்கிடுச்சு, எம்எஸ்சிஐ, அதே மாதிரி இண்டெக்ஸ் நடத்துற எஃப்டிஎஸ்இ ரெண்டும் எடையைக் குறைச்சாங்க, ஃபண்டுகள் வித்தாங்க. சொந்தமா சரக்கு வாங்கி விக்கிறதுக்கு வசதியா இந்தியக் கம்பெனியா இருக்கணும்னு எடுத்த வியாபார முடிவு அது.

கடைசி அரை மணி நேரத்துல திடீர்னு வால்யூம் எகிறுதே, வேணும்னே விலையை ஆட்டுற ஆபரேட்டர் வேலையா?

ரீபேலன்ஸ் அமலாகுற நாளா இருந்தா பெரும்பாலும் இண்டெக்ஸ் ஃபண்டுகள்தான். என்எஸ்இ-ல ரொம்ப காலமா க்ளோசிங் விலைங்கிறது 3 மணில இருந்து 3.30 வரைக்கும் நடந்த வியாபாரத்தோட சராசரியா இருந்துச்சு, இண்டெக்ஸும் க்ளோசிங் விலைலதான் கணக்காகுது, அதனால ஃபண்டு அதை ஒட்டியே வாங்கினாத்தான் இண்டெக்ஸோட சரியா ஒத்துப் போகும். அந்த நாள்ல அந்த நேரத்துல நீங்க எதுவும் வாங்காம விக்காம இருங்க, விலை உங்க பக்கம் இருக்காது.

ஏற்காட்டுல ரிட்டயர்டு ஆகி இருக்கேன், நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு மட்டும்தான் வச்சிருக்கேன். எனக்கு இதால நஷ்டம் உண்டா?

கொஞ்சம் உண்டு, மறைமுகமா. மத்தவங்க முன்னாடியே வாங்கி விலையை ஏத்தி வச்சதை உங்க ஃபண்டு ஏறின விலைக்கு வாங்குது, அடிபட்ட பங்கை இறங்கின விலைக்கு விக்குது, அந்த செலவு ஸ்டேட்மெண்ட்ல தனியா வராது. ஆனா நிஃப்டி 50-ல ஒரு தடவைக்கு ரெண்டு பங்கு மாதிரிதான் மாறும், அதுவும் எடை கம்மியான பங்குகள், அதனால பெரிய பாதிப்பு இல்ல. எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம், நிம்மதியா இருங்க. பங்குகள் அதிகமா மாறுற மிட்கேப், ஸ்மால்கேப் (நடுத்தர, சின்ன கம்பெனிகள்) இண்டெக்ஸ் ஃபண்டுகள்லதான் இந்த செலவு கூடுதல், அதைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனிங்க.

அம்மாபேட்டைக்காரன், பெங்களூர்ல ஐடில இருக்கேன், கம்பெனி பங்கு நிறைய சேந்திருக்கு. இந்தத் தடவை எங்க கம்பெனி இண்டெக்ஸ்ல இருந்து வெளிய போகுதுன்னு சொல்றாங்க, வித்துடட்டுமாண்ணா?

தம்பி, வெளிய போகுதுங்கிற ஒரு காரணத்துக்காக விக்காதீங்க. அறிவிப்பு வந்து நீங்க படிக்கும்போதே விலைல அது முக்கால்வாசி வந்திருக்கும், அமல் தேதி முடிஞ்சதும் கட்டாயமா விக்கிறவங்க தீர்ந்துடுவாங்க. மார்ச் கடைசில விலை ஆடினா இன்னொண்ணையும் யோசிங்க, ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல இருந்து ஐடி கம்பெனி ரிசல்ட்டெல்லாம் வரிசையா வரும், அமெரிக்கால க்ளையண்டுங்க செலவைக் குறைக்கிறாங்களா, டாலர் என்ன விலைங்கிறதுதான் உங்க பங்கை வருஷம் முழுக்க நகர்த்தும், இண்டெக்ஸ் ஆட்டம் சில வாரத்துல அடங்கிடும்.

ஆனா உங்க கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. சம்பளமும் அந்தக் கம்பெனில, சேமிப்புல பெரும்பகுதியும் அந்தக் கம்பெனி பங்குலன்னா, அது இண்டெக்ஸ்ல இருந்தாலும் இல்லாட்டியும் ஆபத்துதான், ஆள் குறைப்பு வந்தா வேலையும் போகும் பங்கும் விழும், ரெண்டும் ஒரே சமயத்துல. அதைக் குறைக்கணும்னா ரீபேலன்ஸ் தேதியை விட்டு தள்ளி ஒரு அமைதியான வாரமா பாத்து, பங்கு கைக்கு வந்து எவ்வளவு நாள் ஆச்சு, வரி எவ்வளவு வரும்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு, பகுதி பகுதியா வித்து வேற இடத்துல போடுங்க. வீட்ல அப்பா பேர்ல வாங்கி வச்ச அதே கம்பெனி பங்கையும் சேத்துத்தான் கணக்கு போடணும்.